பிளேன் கிடைச்சிருச்சாம், லிங்க் இதோ!

“அவர் போயிட்டார்னு நம்பவே முடியல. ரொம்ப மிஸ் பண்ணப்போறேன்.”

பதிவு அவ்வளவுதான். கீழ ஒரு லிங்க். ஏதோ பெரிய செய்தி நிறுவனத்தோட முத்திரை மாதிரி ஒண்ணு. ரோட்டோரமா நசுங்கிக் கிடக்கிற காடியோட படம். போட்டவர் முகம் தெரியாத ஆளும் இல்ல, இடைநிலைப்பள்ளியில கூடப் படிச்சவர். பொங்கலுக்கு ஒரு வாழ்த்து, தீபாவளிக்கு ஒரு வாழ்த்து, நடுவுல மகளோட பட்டமளிப்பு விழா படம். இதைத் தவிர பேஸ்புக்ல எதுவும் போடாத அமைதியான மனுஷன்.

சரி, செத்தது யாரு?

அதைத்தான் அவர் சொல்லலையே! (சொல்லவும் மாட்டார். அந்தப் பதிவை அவர் போடவே இல்ல. அவரோட கணக்கு எவன் கையிலயோ மாட்டியிருக்கு. பாவம், அது அவருக்கே இன்னும் தெரியாது.)

2024 ஜனவரியில பிளீப்பிங் கம்ப்யூட்டர்ங்கிற இணையப் பாதுகாப்புச் செய்தித் தளம் இதைப் பத்தி விரிவா எழுதிச்சு. அதுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்னாடியிருந்தே இந்தப் பதிவு ஊர் ஊராச் சுத்திக்கிட்டு இருந்திருக்கு. கைப்பேசியில திறந்தா ஒரு போலிச் செய்திப் பக்கம் வரும். பின்னால மங்கலா ஒரு வீடியோ தெரியும். பாக்கணும்னா பேஸ்புக் பாஸ்வர்டைப் போடச் சொல்லும். போட்டீங்கன்னா முடிஞ்சது கதை. அடுத்து உங்க பேர்லயும் யாரோ ஒருத்தர் ‘போயிடுவார்’. கணினியில திறந்தா வேற ரூட்டு. சில சமயம் கூகுளுக்குத் தள்ளிவிடும், சில சமயம் எதுக்குன்னே தெரியாத வி.பி.என். செயலியையோ பிரவுசர்ல ஒட்டிக்கிற ஒரு சாமானையோ இறக்கிக்கச் சொல்லும்.

இதுல கில்லாடித்தனம் எங்க இருக்குன்னா, பேரே போடாததுலதான். பேர் போட்டிருந்தா “யாருன்னு தெரியலையே”ன்னு நூத்துக்குத் தொண்ணூறு பேர் தாண்டிப் போயிடுவாங்க. பேர் இல்லாததால படிக்கிறவங்களே ஒரு பேரை நிரப்பிக்கிறாங்க. ஆஸ்பத்திரியில இருந்தாரே நம்ம வாத்தியார், அவரா? பைக்ல பறந்துக்கிட்டே இருப்பானே அந்தப் பையன், அவனா? விரல் தானாப் போய் லிங்க்ல விழுந்துடுது.

தாசேக் கெலுகோர் மாதிரி ஊர்ல இது இன்னும் சுலபமா எடுபடும். ஊரைத் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை: பினாங்கு மாநிலம்தான், ஆனா தீவு இல்ல, பாலத்துக்கு இந்தப் பக்கம், செபராங் பிறை வடக்கு. பட்டர்வொர்த்துக்கும் பாடாங் பெசாருக்கும் ஓடுற கொமுட்டர் ரயில் இங்க நிக்கும். சுத்துவட்டாரத்துல செம்பனை, நெல் வயல், ஒரு காலத்துல ரப்பர். மலாக்கோப் தோட்டத் தமிழ்ப்பள்ளி இந்தப் பக்கம்தான். தோட்டத்துல இருந்த குடும்பங்களோட பிள்ளைங்க இன்னைக்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில, கோலாலம்பூர்ல, சிங்கப்பூர்லன்னு சிதறிக் கிடக்குறாங்க. அவங்களை எல்லாம் ஒண்ணாக் கட்டி வெச்சிருக்கிறது வாட்சப் குரூப். பள்ளிக்கூடக் குரூப், கோயில் குரூப், பெரியப்பா வீட்டுக் குரூப், பெரியப்பாவை மட்டும் விட்டுட்டு ஆரம்பிச்ச இன்னொரு குரூப்.

தோட்டம் இருந்த காலத்துல, ராத்திரி ஒரு சாவு விழுந்தா காலையில வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்துல எல்லாருக்கும் தெரிஞ்சிடும். பக்கத்துத் தோட்டத்துக்கு யாராவது சைக்கிள்ல போய்ச் சொல்லிட்டு வருவாங்க. சேதி சொல்ல வந்தவர் வாசல்ல நிப்பார். எப்ப ஆச்சு, எப்படி ஆச்சு, எத்தனை மணிக்கு எடுக்குறாங்கன்னு அவரையே கேட்டுக்கலாம். இன்னைக்கு அதே சேதி ஒரு படமா வந்து விழுது. மாலை போட்ட முகம், வயசு, எடுக்கிற நேரம், சுடுகாட்டுக்கு வழி காட்டுற வேஸ் லிங்க். வந்த வேகத்துல அடுத்த குரூப்புக்குத் தள்ளிவிட்டுட்டு, அப்புறம்தான் “யாருங்க இவர்?”னு கேக்குறோம்.

நம்ம ஆளுங்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. கல்யாணத்துக்குப் பத்திரிகை வெக்கலைன்னா முறைச்சுக்கிட்டு வீட்லயே இருந்துடலாம். சாவுக்கு யாரும் பத்திரிகை வெக்க மாட்டாங்க, கேள்விப்பட்டாலே கிளம்பணும். போகாதவனைப் பதினாறாம் நாள் கருமக்கிரியை வரைக்கும் பேசுவாங்க, அதுக்கப்புறமும் பேசுவாங்க. அதனாலதான் சாவுச் சேதியை யாரும் நிதானமா ஆராய்ச்சி பண்றதில்ல.

“பேராசைப்படாதீங்க, ஏமாறாதீங்க”ன்னு சுவரொட்டி போடுறாங்களே, அது லாட்டரி மோசடிக்குப் பொருந்தும். ரெண்டு மடங்கு லாபம்னு சொல்ற முதலீட்டுக்குப் பொருந்தும். இங்க ஏமாறுறவங்க ஆசைப்பட்டது எதுக்கு? செத்தவங்க வீட்டுக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்றதுக்கு. அதைப் போய்ப் பேராசைன்னு எவன் சொல்வான்?

சாவைக் காட்டி லிங்க்கைத் தட்ட வெக்கிற இந்த வியாபாரத்தை மலேசியா கிட்ட இருந்து பாத்தது 2014-ல. மார்ச் 8 விடிகாலையில, கோலாலம்பூர்ல இருந்து பெய்ஜிங் கிளம்பின எம்எச்370 விமானம் 227 பயணிகள், 12 ஊழியர்களோட காணாமப் போச்சு. பினாங்குக்காரங்களுக்கு இது எங்கயோ நடந்த கதை இல்ல. தென்சீனக் கடல் மேல போயிருக்கவேண்டிய விமானம் திரும்பி, தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, பினாங்குத் தீவுக்குத் தெற்கே ஓரமாப் பறந்திருக்கு. ராத்திரி 1:52 மணிக்குத் துணை விமானியோட கைப்பேசி சிக்னல், தீவுல இருக்கிற பண்டார் பாரு ஃபார்லிம் கோபுரத்துல ஒரு தடவை பதிவாச்சுன்னு 2018-ல வந்த விசாரணை அறிக்கையே சொல்லுது. அதுக்கப்புறம் இந்தியப் பெருங்கடல் பக்கம் போயிடுச்சு.

அடுத்த சில நாள்ல பேஸ்புக்கைத் திறந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். “அதிர்ச்சி வீடியோ! பெர்முடா முக்கோணத்துல எம்எச்370 கிடைச்சிருச்சு! பயணிகள் உயிரோட இருக்காங்க!” (பெய்ஜிங் போன விமானம் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு எப்படிப் போச்சுன்னு கேக்கக்கூடாது. அந்த வாரம் விமான நிலையத்துக்கு ராஜா போமோன்னு ஒரு மந்திரவாதி தேங்காயும் மூங்கில் தூரதர்சினியும் எடுத்துக்கிட்டு வந்து தேடினார். அதோட வெச்சுப் பாத்தா பெர்முடா முக்கோணம் நியாயமாத்தான் பட்டிருக்கும்.)

அழுத்தினா என்ன வரும்? பேஸ்புக் மாதிரியே ஒரு பக்கம், நடுவுல வீடியோ பட்டன். தட்டினா “முதல்ல நண்பர்களோட பகிருங்க”ன்னு கேக்கும். பகிர்ந்தா “உங்க வயசைச் சரிபாக்கணும், இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்க”ன்னு கேக்கும். வீடியோ மட்டும் கடைசி வரைக்கும் வராது, இருந்தாத்தானே வரும். நிரப்பப்படுற ஒவ்வொரு கேள்வித்தாளுக்கும் அனுப்பினவனுக்குக் கமிஷன் உண்டு. பகிர்ந்த நேரத்துல உங்க அத்தை, மாமா, பழைய வாத்தியார் எல்லாருக்கும் லிங்க் போயிருக்கும், அதுவும் உங்க பேர்ல.

இது சில்லறைத் திருடன் வேலை. அதே வாரத்துல பெரிய திருடனும் வேலையில இறங்கியிருந்தான்.

ஃபயர்ஐங்கிற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடிச்சபடி, விமானம் காணாமப் போன ரெண்டாவது நாளே ஆசிய பசிபிக் வட்டாரத்துல ஒரு அரசாங்கத்துக்கு எம்எச்370 பேர்ல ஒரு வேர்டு கோப்பு போயிருக்கு, உள்ள உளவு மென்பொருளோட. மார்ச் 14 அன்னைக்கு அமெரிக்காவுல ஒரு ஆய்வு நிறுவனத்துக்கு இன்னொண்ணு. அதோட பேரைக் கொஞ்சம் உத்துப் பாருங்க: ‘மலேசியன் ஏர்லைன்ஸ் எம்எச்370 5எம் வீடியோ.இஎக்ஸ்இ’. அஞ்சு நிமிஷ வீடியோ போல, பாப்போமேன்னுதான் யாருக்கும் தோணும். ஆனா கடைசியில நிக்குதே அந்த மூணு எழுத்து, ‘இஎக்ஸ்இ’, அதுக்கு வீடியோன்னு அர்த்தம் இல்ல. தட்டின உடனே கணினியில ஓட ஆரம்பிக்கிற நிரல் அது. விண்டோஸோட நல்ல குணம் என்னன்னா, நாமளாப் போய் மாத்தலைன்னா அந்தக் கடைசி எழுத்துகளைக் கண்ணுலயே காட்டாது. ‘வீடியோ’வோட பேர் முடிஞ்சிடும், வீடியோ படமும் ஒட்டியிருக்கும். இதுக்கு மேல ஒரு அவசரக்காரன் எதைப் பாப்பான்?

வெளிநாட்டுல நடந்ததை விடுங்க, புத்ராஜெயாவுலயே நடந்துச்சு. அந்த வருஷம் ஆகஸ்ட்ல தி ஸ்டார் பத்திரிகை ஒரு செய்தி போட்டுச்சு. விமானம் காணாமப் போன மறுநாள், மார்ச் 9, விசாரணையில இருந்த அதிகாரிகளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கு. எம்எச்370 கிடைச்சிருச்சுங்கிற செய்திக் கட்டுரை மாதிரி ஒரு இணைப்பு. பாக்கிறதுக்கு பிடிஎஃப், உள்ள வேற. சிவில் விமானத் துறை, தேசியப் பாதுகாப்பு மன்றம், மலேசியா ஏர்லைன்ஸ் இந்த மூணுலயும் சேத்து ஏறக்குறைய 30 கணினி மாட்டிக்கிச்சு. கூட்டக் குறிப்புகளும் ரகசிய ஆவணங்களும் சீனாவுல இருக்கிற ஒரு கணினிக்குப் போய்க்கிட்டு இருந்ததா அரசாங்கத்தோட இணையப் பாதுகாப்பு அமைப்பான சைபர்செக்யூரிட்டி மலேசியாவோட அப்போதைய தலைமை நிர்வாகி அமிருதீன் அப்துல் வஹாப் சொன்னார். மாட்டின கணினிகளை நிறுத்தி, போய்க்கிட்டு இருந்ததைத் தடுத்திருக்காங்க.

ராத்திரி பகலா அந்த விமானத்தைத் தேடிக்கிட்டு இருந்த ஆளுங்க அவங்க. “கிடைச்சிருச்சு”ன்னு ஒரு சேதி வந்தா உலகத்துலயே அதை முதல்ல திறக்கவேண்டிய கடமை அவங்களுக்குத்தான். அப்படிப்பட்டவங்களே தட்டியிருக்கும்போது, வீட்ல உக்காந்திருக்கிற பாட்டியைப் பாத்து “ஏன் பாட்டி தட்டினே?”னு பேரப்பிள்ளை கத்துறதுல நியாயமே இல்ல.

குடும்பங்களை நினைச்சுப் பாத்தாத்தான் கோபம் இன்னும் ஏறுது. அந்த விமானத்துல 5 இந்தியர்கள் இருந்தாங்க. அதுல ஒருத்தர் சந்திரிகா சர்மா. சென்னையில இருந்து மீனவத் தொழிலாளர்களுக்காக வேலை செஞ்ச ஐ.சி.எஸ்.எஃப். அமைப்போட நிர்வாகச் செயலாளர். மங்கோலியாவுல ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு நடத்தின மாநாட்டுக்குப் போய்க்கிட்டு இருந்தவர். அவரோட கணவர் கே.எஸ். நரேந்திரன், அந்தக் காத்திருப்பைப் பத்தி 2018-ல ‘லைஃப் ஆஃப்டர் எம்எச்370’னு ஒரு புத்தகமே எழுதினார். விமானம் இந்தியப் பெருங்கடல்ல முடிஞ்சதுன்னு அப்போதைய பிரதமர் நஜிப் அறிவிச்சது மார்ச் 24 அன்னைக்கு. அது வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு மேல 239 பேரோட வீடுகள்லயும் ஒவ்வொரு மணி நேரமும் கைப்பேசியைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அதே ரெண்டு வாரம்தான் “பயணிகள் உயிரோட இருக்காங்க, வீடியோ உள்ளே”ன்னு லிங்க் சுத்திக்கிட்டு இருந்துச்சு. அதை யார் யாரெல்லாம் திறந்து பாப்பாங்கன்னு அனுப்பினவன் ஒரு நிமிஷம்கூட யோசிச்சிருக்க மாட்டான்.

(மென்பொருள் கதை இல்லைன்னாலும் இதைச் சொல்லாம விட முடியல: அதே ஆகஸ்ட்ல, எம்எச்370 பயணிகள் 4 பேரோட வங்கிக் கணக்குல இருந்து 1,10,000 ரிங்கிட்டுக்கு மேல எடுத்ததா ஒரு வங்கி அதிகாரி மேலயும் அவரோட கணவர் மேலயும் கோலாலம்பூர்ல வழக்குப் போட்டாங்க.)

எம்எச்370 காணாமப் போய் நாலு மாசம் போச்சு. ஜூலை 17, எம்எச்17. உக்ரேன் மேல சுட்டு வீழ்த்தப்பட்ட அந்த விமானத்துல 298 பேர், அதுல 43 பேர் மலேசியர்கள். இந்தத் தடவை இன்னும் ஒரு படி கீழ இறங்கினாங்க. இறந்துபோன ஆஸ்திரேலியர்கள் பேர்ல, அதுல சின்னப் பசங்களும் அடக்கம், பேஸ்புக்ல அஞ்சலிப் பக்கம் மாதிரி போலிப் பக்கங்களைத் திறந்தாங்க. உள்ள “விபத்து வீடியோ”ன்னு ஒரு லிங்க். தட்டினா ஆன்லைன் சூதாட்டம், ஒரே வாரத்துல பணக்காரன் ஆகுற வழின்னு விளம்பரம் விளம்பரமாத் திறந்துக்கிட்டே இருக்கும். புகார் போனதுக்கு அப்புறம் பேஸ்புக் அதையெல்லாம் எடுத்துச்சு. ட்விட்டர்லயும் இந்தோனேசிய மொழியில எம்எச்17 பேர் போட்ட பதிவுகள் வந்துச்சு. அதுல இருந்த லிங்க் போய்ச் சேர்ற இடம், வங்கிப் பாஸ்வர்டு திருடுற மென்பொருளோட தொடர்புள்ள முகவரிகள்னு டிரெண்ட் மைக்ரோங்கிற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடிச்சுது.

இந்தக் கூட்டத்துக்குச் செத்தது அரசியா, ஆட்டக்காரரா, அடுத்த தெருக்காரரான்னு பாகுபாடே கிடையாது. 2020 ஜனவரியில கூடைப்பந்து வீரர் கோபி பிரயண்ட் ஹெலிகாப்டர் விபத்துல இறந்தார். சில நாள்ல அவர் படம் போட்ட வால்பேப்பர் ஒண்ணு சுத்திச்சு. உள்ள, உங்க கணினியோட சக்தியைத் திருடி எவனுக்கோ கிரிப்டோ காசு அடிச்சுக் கொடுக்கிற நிரல் இருக்குன்னு மைக்ரோசாஃப்ட் எச்சரிச்சுது. 2022 செப்டம்பர்ல எலிசபெத் ராணி இறந்தப்ப, “ராணி நினைவா ஒரு பக்கம், வந்து உங்க செய்தியை எழுதுங்க”ன்னு மைக்ரோசாஃப்ட் பேர்லயே மின்னஞ்சல் வந்துச்சு, பாஸ்வர்டைப் பிடுங்க. 2025 ஏப்ரல்ல பஹல்காம்ல 26 பேரைச் சுட்டுக் கொன்ன தாக்குதல் நடந்து ஓரிரு நாள்லயே, அந்தத் தாக்குதல் பத்தின அறிக்கைன்னு சொல்லி இந்திய அரசாங்க ஆளுங்களைக் குறிவெச்சு உளவுக் கோப்புகள் தயாராயிடுச்சுன்னு புனேவைச் சேர்ந்த செக்ரைட் ஆய்வகம் எழுதிச்சு.

பிரபலமா இருக்கணும்னுகூட இல்ல. 2014 ஜனவரியில அமெரிக்காவுல நிறைய பேருக்கு “உங்க நண்பரோட இறுதிச் சடங்கு”ன்னு ஒரு மின்னஞ்சல் போச்சு. டெக்சாஸ்ல நிஜமாவே இருக்கிற ஒரு இறுதிச் சடங்கு நிலையத்தோட பேரைத் திருடிப் போட்டிருந்தாங்க. “விவரத்துக்கு இங்கே அழுத்துங்க”. அழுத்தினா விவரம் வராது, மால்வேர் வரும். அந்த நாட்டு வணிக ஆணையமே எச்சரிக்கை விட்டுச்சு. அதுலயும் செத்தவர் பேர் கிடையாது. ஆரம்பத்துல பாத்த பேஸ்புக் பதிவுக்கு அப்பன் இதுதான்.

இப்ப இதுக்கு ஏ.ஐ. வேற கூட்டு சேந்தாச்சு. 2024-ல செக்யூர்வொர்க்ஸ் நிறுவனம் எழுதின விவரத்தைப் படிச்சா வயிறு எரியும். ஒருத்தர் இறந்ததும் சொந்தக்காரங்க, கூட வேலை செஞ்சவங்க எல்லாம் அவர் பேரைக் கூகுள்ல தேடுவாங்க இல்லையா? சாதாரண மனுஷன் பேர் திடீர்னு நிறையத் தேடப்படுதுன்னா ஏதோ ஆச்சுன்னு அர்த்தம். அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கிற கூட்டம், ஏ.ஐ.யை வெச்சு உடனே ஒரு இரங்கல் கட்டுரை எழுத வெச்சு, தேடலோட முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்துடுது. “அன்பும் அடக்கமும் நிறைந்தவர், அவர் இழப்பு ஈடு செய்ய முடியாதது.” யாருக்கும் பொருந்துமே!

துக்கத்தோட அதைத் திறக்கிறவரை நேரா வயசுவந்தோர் சந்திப்புத் தளத்துக்கோ, “நீங்க ரோபோ இல்லைன்னு நிரூபிங்க”ங்கிற பக்கத்துக்கோ தள்ளிவிடுறாங்க. அந்த ரோபோ பரீட்சை போலி. அதுல ‘அனுமதி’ன்னு அழுத்தினா, இனிமே உங்க திரையில அறிவிப்பு காட்டிக்கலாம்னு நீங்களே சம்மதம் கொடுத்ததா ஆயிடும். அப்புறம் மூலையில இருந்து “உங்க கணினியில வைரஸ்!”னு மெக்காஃபி பேர்ல, விண்டோஸ் பேர்ல கத்திக்கிட்டே இருக்கும். பயந்துபோய் அழுத்தினா நிஜமான ஆன்டிவைரஸ் கம்பெனியோட விற்பனைப் பக்கத்துக்கே போகும், வாங்கவும் வாங்கலாம். வித்துக்கொடுத்ததுக்குத் தரகு கமிஷன் அவனுக்கு. அதாவது செத்துப்போனவரோட பேர்ல உங்களுக்கு ஆன்டிவைரஸ் வித்திருக்கான். இதை எந்தச் சட்டப் பிரிவுல போடுறது?

கனடாவுல ஒரு நிறுவனம் இந்தத் தந்திரம் எல்லாம் இல்லாமலேயே, பத்து லட்சத்துக்கும் மேல மரண அறிவிப்புகளைச் சுட்டுத் தன் தளத்துல போட்டு, பக்கத்துல பூங்கொத்தும் மெய்நிகர் மெழுகுவத்தியும் வித்துச்சு. குடும்பங்கள் வழக்குப் போட்டாங்க. 2019-ல கூட்டரசு நீதிமன்றம் 2 கோடி கனடிய டாலர் கட்டச் சொல்லிச்சு.

நம்ம தமிழ் மரண அறிவிப்புகளையும் ஒரு தடவை திருடன் கண்ணோட படிச்சுப் பாருங்க. பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், மூத்த மகன் சிங்கப்பூர், மருமகள் பேர், இளைய மகள் லண்டன், பேரப்பிள்ளைங்க பட்டியல், தகனம் நடக்கிற நேரம், கடைசியில நாலு நாட்டுக் கைப்பேசி எண். இலங்கைத் தமிழர்களோட அறிவித்தல்கள்ல இது இன்னும் விரிவா இருக்கும். சொந்தபந்தம் சிதறிக் கிடக்கிற சமூகத்துக்கு அது தேவைதான், யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா வீட்டுல ஆளே இல்லாத நேரம் வரைக்கும் அச்சடிச்சுக் கொடுக்கிறோம்ங்கிறது ஞாபகம் இருக்கட்டும். பிரிட்டன்ல, இறந்தவர் பத்தின பேஸ்புக் பதிவுக்குக் கீழயே வந்து “இறுதிச் சடங்கு நேரலை இங்க”ன்னு போலி லிங்க் போட்டு, பாக்கிறதுக்குக் கடன் அட்டை நம்பர் கேக்கிற கூட்டத்தை பிபிசி தோண்டி எடுத்துச்சு. கோவிட்டுக்கு அப்புறம் நேரலை சகஜமாயிடுச்சே, யார் சந்தேகப்படுவா?

மலேசியாவுல இப்ப கைப்பேசிதான் களம், தூண்டில் ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு போன்ல செயலியை ஏத்துற கோப்பு. 2022-லயே வீட்டைச் சுத்தம் பண்ணித் தர்ற சேவை மாதிரி போலிச் செயலிகள் வந்து, 8 மலேசிய வங்கிகளோட வாடிக்கையாளர்களைக் குறிவெச்சதை ஈசெட் நிறுவனம் வெளியில கொண்டுவந்துச்சு. செயலியை ஏத்தினா, வங்கியில இருந்து வர்ற ஓடிபி குறுஞ்செய்தி நேரா திருடனுக்கும் போயிடும். அந்த வருஷம் செப்டம்பர்லதான் குறுஞ்செய்தி ஓடிபியைக் கைவிடச் சொல்லி வங்கிகளுக்கு, நாட்டோட மத்திய வங்கியான பேங்க் நெகாரா உத்தரவு போட்டுச்சு. மொத தடவை பதியும்போது கொஞ்ச நேரம் காத்திருக்க வெக்கிறாங்களே, ஒரே ஒரு போன்லதான் அனுமதி கொடுக்கலாம்னு இப்ப எரிச்சல் படுத்துறாங்களே, எல்லாம் அதே அறிவிப்புல வந்ததுதான். (எரிச்சல் பட்டாலும் பரவாயில்ல, இருந்துட்டுப் போகட்டும்.)

அப்புறம் வந்துச்சு கல்யாணப் பத்திரிகை. வாட்சப்ல, டெலிகிராம்ல, தெரிஞ்சவர் எண்ணுல இருந்தே: “எங்க வீட்டுக் கல்யாணம், அவசியம் வரணும், கார்டு இதுல இருக்கு.” கார்டைப் பாக்க ஒரு செயலியை ஏத்தணுமாம்! காஸ்பர்ஸ்கி பாதுகாப்பு நிறுவனம் 2025 ஜனவரியில இதுக்கு ட்ரியா ஸ்டீலர்னு பேர் வெச்சு விளக்கினாங்க. 2024-ல இருந்தே மலேசியாவையும் புருணையையும் குறிவெச்சு நடக்குது. ஏத்தின உடனே பல்சக்கரப் படத்தோட போனோட ‘செட்டிங்ஸ்’ மாதிரியே வேஷம் போட்டுக்கும். குறுஞ்செய்தி, வாட்சப் அறிவிப்பு, மின்னஞ்சல் அறிவிப்பு எல்லாத்தையும் படிச்சு டெலிகிராம் வழியா முதலாளிக்கு அனுப்பும். அவன் அதை வெச்சு உங்க வாட்சப்பையே தன் போன்ல திறந்து, உங்க அக்காகிட்ட “அவசரமா காசு வேணும்க்கா”ன்னு கேப்பான்.

கல்யாணத்துக்கு எடுபட்டது கருமாதிக்கு எடுபடாதா? நல்லா எடுபடும். கல்யாணம்னா நிதானமா நாள் பாத்துத் திறப்போம், சாவுச் சேதியை அந்த நிமிஷமே திறப்போம்.

அதனால கொஞ்சம் தொழில்நுட்பம். படம் பாக்கவும் பிடிஎஃப் படிக்கவும் எந்தப் புதுச் செயலியும் வேண்டாம், போன்லயே இருக்கு. “தெரியாத இடத்துல இருந்து செயலி ஏத்த அனுமதிக்கவா?”ன்னு ஆண்ட்ராய்டு கேட்டா, அந்தக் கேள்வி ஒண்ணே போதும், அது அழைப்பிதழ் இல்ல. ஏத்தியாச்சா? முதல் வேலையா வைஃபையையும் டேட்டாவையும் அணைச்சுடணும். அப்புறம் வேற போன்ல இருந்து வங்கிக்கும், 997-க்கும் கூப்பிடணும். 997ங்கிறது போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்புத்துறை ஆணையமான எம்.சி.எம்.சி. எல்லாம் சேர்ந்து 2022 அக்டோபர்ல ஆரம்பிச்ச தேசிய மோசடித் தடுப்பு மையம். காசு இன்னொரு கணக்குக்குத் தாவுறதுக்கு முன்னால பிடிக்க முடியுமான்னு பாப்பாங்க, அதனால ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. போலீஸ் ரிப்போர்ட் கட்டாயம். “இறந்தவர் குடும்பத்துக்கு நிதி”ன்னு கணக்கு எண் வந்தா, போலீஸோட செமாக் மியூல் தளத்துல அந்த எண்ணைப் போட்டுப் பாக்கலாம், ஏற்கனவே புகார் இருந்தாக் காட்டும்.

இதையெல்லாம் விட முக்கியமா ஒண்ணு இருக்கு, எல்லாரும் வெக்கப்பட்டுக்கிட்டு விட்டுடுறாங்க. உங்க போன் மாட்டிக்கிச்சுன்னா, நீங்க இருக்கிற அத்தனை குரூப்லயும் வேற யார் மூலமாவது “அது நான் இல்ல, திறக்காதீங்க”ன்னு சொல்லிடுங்க. குலதெய்வக் கோயில் குரூப், பழைய மாணவர் குரூப், பெரியப்பா இல்லாத குரூப் எல்லாத்துலயும். தாமதமாச்சுன்னா, இல்லாத கல்யாணத்துக்கு எந்த மண்டபம், காடி எங்க நிறுத்துறதுன்னு பாதிப் பேர் விசாரிக்க ஆரம்பிச்சிருப்பாங்க. மீதிப் பேர் அழைப்பு வரலைன்னு கோவிச்சுக்கிட்டிருப்பாங்க.